சுவரைப் பார்த்தபின் சுவர் கட்டுவோம்



பள்ளிக் கண்காட்சிகளில் மாதிரித் தொடர்வண்டிப் பாதைக்கு எப்போதும் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. மேசையின்மேல் வட்டமாகத் தண்டவாளம். நடுவில் பச்சைத் தாள் சுற்றிய ஒரு மலை. மலையில் ஒரு துளை. பக்கத்தில் செங்கல் அச்சிட்ட தாளை ஒட்டிய ஒரு நிலையம். வண்டி சுற்றுகிறது, பிள்ளைகள் கூடுகிறார்கள், பரிசும் கிடைத்துவிடுகிறது. இப்படி நன்றாக நடக்கும் ஒன்றில் போய்க் குறை காண வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காணத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மேசையில் ஓடும் வண்டி கடையில் வாங்கியது. தண்டவாளமும் வாங்கியது. மாணவர்கள் தம் கையால் செய்வது மலையும் சுவரும் பாலமும் மண்ணும் மட்டுமே. அந்தப் பகுதியையும் எழுதுபொருள் கடையில் வாங்கிய அச்சுத்தாளுக்கும் மினுமினுப்புத் தூளுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டால், மாணவர் கற்றது என்ன? ஒட்டுவதற்கு மட்டும் கற்றார். ஒரு மாதிரிப் பாதையில் உள்ள ஒவ்வொரு சுவரும் மாணவர் நேரில் சென்று பார்த்து, அளந்து, வரைந்த ஒரு சுவரிலிருந்து பிறக்க வேண்டும். இதைத் தவிர வேறெதையும் நான் இங்கே வற்புறுத்தப் போவதில்லை.

அச்சுத்தாளில் அப்படி என்ன தவறு என்று கேட்பீர்கள். ஒரு தாளை எடுத்து உற்றுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் எல்லாச் செங்கற்களும் நீளப்பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். நம் நாட்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த பழைய கட்டடங்கள் பளுவைச் சுவரே தாங்கும்படி கட்டப்பட்டவை. அவற்றின் சுவர் ஒரு செங்கல் நீளத்திற்கு, அதாவது ஒன்பது அங்குலத்திற்கோ அதற்கு மேலோ தடித்திருக்கும். அத்தகைய சுவரை இறுக்கிப் பிணைப்பதற்குச் சில செங்கற்களைக் குறுக்காக வைத்தாக வேண்டும். அவற்றின் குறுகிய முனை மட்டும் வெளியே தெரியும். ஒரு வரிசை முழுதும் நீளப்பக்கம், அடுத்த வரிசை முழுதும் முனை என்று மாறி மாறி வந்தால் அது ஆங்கிலக் கட்டு. ஒரே வரிசையில் நீளம், முனை, நீளம், முனை என்று வந்தால் அது பிளெமிஷ் கட்டு. இந்த வேறுபாட்டை ஒரு முறை பார்த்துவிட்ட பிள்ளை, பழைய கடைவீட்டையோ பாலத்தூணையோ கடந்து போகும்போது திரும்பிப் பார்க்காமல் போகாது. அச்சுத்தாளை ஒட்டிய பிள்ளைக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

நிற்க. இதில் கணிதமும் உண்டு. நான் வெகுவாக விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

கடைகளில் எளிதில் கிடைக்கும் பிரிட்டிஷ் வகை மாதிரி வண்டிகள் ஏறத்தாழ 1:76 என்னும் விகிதத்தில் அமைந்தவை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக உள்ள மற்றொரு விகிதம் 1:87. நாம் 1:76-ஐ எடுத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் செங்கல் 228 மில்லிமீட்டர்; 76-ஆல் வகுத்தால் 3 மில்லிமீட்டர். அதன் உயரம் சாந்தோடு சேர்த்து மூன்று அங்குலம். மாதிரியில் 1 மில்லிமீட்டர். இரு செங்கற்களுக்கு இடையில் உள்ள 10 மில்லிமீட்டர்ச் சாந்துக்கோடு மாதிரியில் 0.13 மில்லிமீட்டர்தான் வரும். இப்போது மாணவர் 0.5 மில்லிமீட்டர்ப் பென்சிலால் அட்டையில் ஒரு கோடு போடட்டும். உண்மைச் சுவரில் அது எவ்வளவு என்று கேளுங்கள். 38 மில்லிமீட்டர்! ஒன்றரை அங்குலச் சாந்து! அப்படி ஒரு கொத்தனார் கட்டினால் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்போடு விகிதம் என்னும் பாடம் மனத்தில் பதிந்துவிடும்.

மரங்களுக்கு வருவோம். முதிர்ந்த ரப்பர் மரம் 20 மீட்டர் உயரம் வளரும். மாதிரியில் அது 26 சென்டிமீட்டர். நாம் வாங்கி வைக்கும் நெகிழி மரங்களோ பெரும்பாலும் ஆறு, ஏழு சென்டிமீட்டர். அதாவது ஒரு கொய்யா மரத்தின் உயரம். கொய்யாத் தோப்புக்குள் தொடர்வண்டி ஓடுகிறது என்றால் சரி, ரப்பர்த் தோட்டம் என்று பலகை வைத்தால் எப்படி? செம்பனைக்கும் இதே கணக்குத்தான். தோட்டத்தில் மரத்துக்கு மரம் 9 மீட்டர் இடைவெளி விட்டு முக்கோண அமைப்பில் நடுவது வழக்கம். மாதிரியில் அது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். அளந்து நட்டுப் பாருங்கள்; மேசையின் ஒரு மூலையில் எத்தனை மரங்கள் கொள்ளும் என்பது தெரிந்துவிடும்.

தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கருங்கல் சல்லியையும் சொல்லியாக வேண்டும். மீன்தொட்டிக்கு வாங்கும் 3 மில்லிமீட்டர்க் கூழாங்கல்லைக் கொட்டினால், உண்மையில் அது 23 சென்டிமீட்டர்ப் பாறை. வழக்கமான சல்லி, மாதிரியில் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கருங்கல் தூளைத் தேயிலை வடிகட்டியில் சலித்தால் அந்த அளவு கிடைத்துவிடும். அதைப் பரப்பி, வெள்ளைப் பசையில் சம அளவு நீர் கலந்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி சேர்த்துச் சொட்டுக்குழாயால் விட வேண்டும். அந்த ஒரு துளி எதற்கு என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். நீரின் பரப்பு இழுவிசையைப் பற்றி அவர் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

எல்லாவற்றையும் விகிதப்படி செய்ய இயலாது என்பதும் உண்மை. 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்ட நம் நாட்டின் முதல் பாதை சுமார் 8 மைல் நீளந்தான். அதை 1:76-இல் முழுதாகச் செய்ய ஏறத்தாழ 170 மீட்டர் வேண்டும். பள்ளித் திடலே போதாது. ஆகவே எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு பத்தியைச் சுருக்கி எழுதச் சொல்லும்போது நாம் எதிர்பார்க்கும் திறனும் இதுவே. கருத்தை விட்டுவிட்டு அலங்காரச் சொற்களை வைத்துக்கொள்ளும் மாணவருக்கு நாம் மதிப்பெண் தருவதில்லையல்லவா?

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுசயர் வட்டாரத்தில் பெண்டன் என்றோர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டில் அதை நிறுவியவர் ராய் இங்கிலண்ட். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ஆம் ஆண்டில் அங்குப் போனவர். பெயரிலேயே அந்நாட்டை வைத்திருந்தார் என்பது ஒரு வேடிக்கை. அங்கிருந்த சிற்றூர்களின் கூரைவேய்ந்த வீடுகளும் கற்சுவர்களும் மாறியும் மறைந்தும் வருவதைக் கண்டு, அவற்றை 1:76 விகிதத்தில் அப்படியே பதிவு செய்யத் தொடங்கினார். அங்குள்ள வீடுகள் உண்மையில் இருந்த வீடுகளைப் பார்த்து அட்டையில் செய்யப்பட்டவை; கல்லுக்குக் கல் நிறம் வேறுபட்டிருக்கும். கூரை வேய்வதற்குக் குழாய் பொருத்துவோர் பயன்படுத்தும் சணல் நாரை எடுத்துக்கொண்டார்கள். அவர் போற்றியது தமக்கு அருகில் இருந்த ஊர்களை. அவருடைய சுவரை நாம் தாளில் அச்சிட்டு வாங்கி, ஈப்போ நிலையம் என்று எழுதி ஒட்டினால், அவர் செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்கிறோம்.

நம் நிலத்துக்கு நம் நிலத்தின் கல் வேண்டும். பேராக் மாநிலத்தின் வழியே வடக்கு நோக்கிப் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகள் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுகின்றன. வெண்சாம்பல் நிறப் பாறைமுகம். அதில் மேலிருந்து வழிந்த கருங்கோடுகளும் காவிக்கறைகளும். விளிம்புகளில் தொங்கும் விழுதுபோன்ற கல். உச்சியில் மட்டும் அடர்ந்த பசுமை. பாடாங் ரெங்காசுக்கு அருகில் உள்ள குனோங் போண்டோக்கும் இந்த வகைதான். ஆனால் நம் நடுமலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. கருங்கல் இந்த வெயிலிலும் மழையிலும் உருண்டு திரண்ட பாறைகளாகவும் செம்மண்ணாகவும் சிதைகிறது. இரண்டையும் ஒரே பச்சைத் தாளால் சுற்றிவிடுகிறோமே, முறையா? வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பாறை வார்ப்பு அச்சுகளிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அவற்றுள் பல, அடுக்கடுக்காகப் படிந்த வறண்ட நிலத்துப் பாறையைக் காட்டுகின்றன. அவை அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் பொருந்தலாம். தைப்பிங் மழைக்குப் பொருந்தா.

செலவில்லாத வழி இருக்கிறது. அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து அதன்மேல் பிளாஸ்டர் கூழை ஊற்றி, இறுகியபின் உரித்தெடுத்தால் நல்ல பாறைமுகம் கிடைக்கும். மிகவும் நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தை அதன்மேல் வழியவிட்டால் நிறம் பிளவுகளில் போய்த் தங்கும். காய்ந்தபின், ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை மேடுகளில் மட்டும் தொட்டுச் செல்ல வேண்டும். கற்சுவருக்கு முட்டை அட்டை போதும். அதைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, பெரியவை கீழும் சிறியவை மேலும் வருமாறு, ஒரு கல்லின் இணைப்புக்கு நேர்மேலே இன்னோர் இணைப்பு வராதபடி ஒட்ட வேண்டும். மூலைகளில் பெரிய கல். மலையைத் தாங்கும் தடுப்புச் சுவராக இருந்தால் அது சற்றே மலைப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நீர் கசிவதற்குத் துளைகளும், துளைகளுக்குக் கீழே கறையும் இருக்க வேண்டும். ஏன் சாய்ந்திருக்கிறது, ஏன் துளை என்று கேட்கிற மாணவர், பின்னால் தேங்கும் மழைநீர் சுவரைத் தள்ளும் என்பதைத் தாமே கண்டுபிடிப்பார்.

பெற்றோருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். பிள்ளைகள் கையை அதற்குள் வைத்திருக்கக் கூடாது. மிச்சக் கூழைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பாலிஸ்டைரின் அட்டையின்மேல் தெளிப்பு வண்ணம் அடித்தால் அட்டை கரைந்துபோகும். சூடான கம்பியால் அதை அறுத்தால் வரும் புகை நச்சுடையது.

புத்தம் புதிதாகத் தெரியும் சுவர் உண்மையாகத் தெரியாது. அமெரிக்காவில் ஜான் ஆலன் என்னும் ஒளிப்படக் கலைஞர், தம் மாதிரிப் பாதையில் துருவையும் புழுதியையும் தேய்மானத்தையும் துணிந்து காட்டிப் புகழ்பெற்றார். அவர் 1973-ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். சில நாட்களில் அந்த மாதிரியும் தீக்கிரையானது. அவர் எடுத்த படங்கள் எஞ்சியுள்ளன. எனினும் அவருடைய புழுதியையும் நாம் படியெடுக்க வேண்டியதில்லை. நம் ஊர்ச் சுவர் வேறு விதமாக மூப்படைகிறது. வெள்ளையடித்த சுவரின் அடியில் மழைத்துளி தெறித்த செம்மண் கறை முழங்கால் உயரத்துக்கு இருக்கும். மாதிரியில் அது ஆறு, ஏழு மில்லிமீட்டர்ப் பட்டை. சன்னல் விளிம்பின் இரு முனைகளுக்கும் கீழே கரும்பாசிக் கோடுகள் இறங்கும். செங்கல் இடுக்கில் ஆலங்கன்றோ பெரணியோ முளைத்திருக்கும். நம் பிள்ளைகள் நாள்தோறும் பார்ப்பவைதாம் இவை. பார்த்ததை யாரும் கேட்டதில்லை என்பதால் சொன்னதில்லை, அவ்வளவே.

இவ்வளவு எதற்கு, பிள்ளைகளின் விளையாட்டுத்தானே என்பவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, நாம் அளக்க வேண்டிய சுவர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஈப்போ முதல் பாடாங் பெசார் வரையிலான மின்சார இரட்டைப் பாதை 2014-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. பயணம் விரைவானது, நல்லதே. ஆனால் அந்தப் பணியில் பழைய சிறு நிலையங்கள் பல மறைந்தன. புக்கிட் பெராப்பிட் குகைவழிகள் கைவிடப்பட்டன. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் கடைசி வண்டி புறப்பட்டது. அந்தப் பாதை இன்று நடைவழியாக உள்ளது. புக்கிட் தீமாவின் இரும்புப் பாலம் நிற்கிறது. கோலகங்சார் அருகே பேராக் ஆற்றின்மேல் 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விக்டோரியா பாலத்தில் இப்போது தொடர்வண்டி ஓடுவதில்லை. அதன் செங்கல் தூண்கள் ஆற்றில் நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துச் சென்று செங்கல் வரிசைகளை எண்ணச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடத்தை நான் அறியேன். நான்கு வரிசைக்கு ஏறத்தாழ ஓர் அடி என்று வைத்துக்கொண்டால், ஏணி இல்லாமலே தூணின் உயரம் தெரிந்துவிடும். வண்டி ஓடும் பாதைப் பக்கம் மட்டும் யாரும் போகவேண்டா.

இரண்டாவது, அந்தக் கல்லையும் மண்ணையும் சுமந்தவர்கள் யார் என்பது. முதற்பாதையை இடுவதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். பின்னர் மலாயாப் பாதைகளை இட்டும் பராமரித்தும் வந்த தொழிலாளர்களில் தமிழர்கள் மிகுதி. நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பலர் பணியாற்றினர். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே அங்கிருந்த செங்கல் சூளைகளால் வந்தது.

சயாம் மரணப் பாதையைப் பற்றிய மாதிரிகளையும் நம் பள்ளிகளில் செய்கிறார்கள். செய்ய வேண்டும், ஆனால் பஞ்சும் பச்சைக் கடற்பாசியும் ஒட்டிச் செய்வதற்குரிய பொருளா அது? 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் இட்ட அந்தப் பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. காஞ்சனபுரி மாநிலத்தில், 'நரகநெருப்புக் கணவாய்' என்று போர்க்கைதிகள் பெயரிட்ட பாறைவெட்டு இருக்கிறது. ஆழமான இடத்தில் அது ஏறத்தாழ 25 மீட்டர். சுத்தியலும் துளையுளியும் கொண்டு கையால் துளையிட்டு, வெடிவைத்து, உடைந்த கல்லைக் கையாலேயே சுமந்து அகற்றினார்கள். துளையிட்ட தடங்கள் இன்றும் பாறையில் தெரிகின்றன. கசக்கிய அலுமினியத் தாள் இங்கே போதாது. அது தானாக அமைந்த பாறையைத்தான் தரும். மனிதர் வெட்டிய பாறையில் செங்குத்தாக, அருகருகே, நேர்க்கோடுகள் இருக்கும். பிளாஸ்டர் முழுதும் இறுகுமுன் மாணவர் ஓர் ஊசியால் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக இட வேண்டும். 25 மீட்டர் என்பது மாதிரியில் 33 சென்டிமீட்டர். அதன் அடியில் வைக்கப்படும் ஆள் 22 மில்லிமீட்டர் உயரம். ஊசியால் நூறு கோடு இட்டுக் கை வலித்த மாணவர் அந்த ஆளை அங்கே வைக்கும்போது வகுப்பில் நான் எதுவும் பேசவேண்டியிருக்காது.

இனி, யார் செய்வது என்னும் கேள்வி. கண்காட்சிக்கு வரும் மாதிரிகளில் பல அப்பாக்களின் கைவண்ணம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சில பணம் கொடுத்துச் செய்யப்பட்டவை என்பதும் தெரியும். நாம் கண்டும் காணாமல் இருக்கிறோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டபின் வகுப்பறை மதிப்பீட்டுக்கு முன்னிலும் கூடுதல் இடம் கிடைத்துள்ளது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடமும் இருக்கிறது. இத்தகைய வேலைக்கு இடமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பெற்றோர் விலகி நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைச் சுவர் இருக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர்க் குச்சியைச் சுவரில் சாய்த்துவைத்துப் படம் எடுத்துக் கொடுங்கள். பிறகு அந்தப் படத்திலிருந்தே எல்லா அளவுகளையும் பிள்ளை கணக்கிட்டுக்கொள்ளும். கத்தியைப் பயன்படுத்தும்போது உடன் இருங்கள். பசையை மட்டும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு பரிந்துரை. மாதிரியோடு, அதற்கு மூலமான சுவரின் படத்தையும், அளவு குறித்த கைவரைபடத்தையும், வகுத்தல் கணக்குப் போட்ட தாளையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அவற்றுக்கே ஒதுக்குங்கள். மேசை முழுதும் நிரப்ப வேண்டியதில்லை. ஒரு சாண் நீளத் தடுப்புச் சுவர், அதன்மேல் நான்கு அங்குலத் தண்டவாளம், ஓரத்தில் ஒரு பெரணிச் செடி, இவ்வளவு போதும். வண்டிகூட ஓட வேண்டா. கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைக்க எண்ணுவோர், மினுமினுப்புத் தூளுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.